விலக்கும் வழங்கலும்

விலக்கு என்னும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையது. புறநானூறு 299ஆம் பாட்டில் பொன்முடியார், பெருவேந்தனின் குதிரைகள் போரிற் பின்னின்றமைக்கு, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தீண்டாது ஒதுங்கி நின்ற மகளிரை உவமை கூறுகின்றார். அப்பாட்டிலேயே சீறூர்க்குப் பருத்தி வேலியாகின்றது. எனினும் அம்மகளிர்க்கு உற்ற துணி யாதென்பது ஆண்டுக் கூறப்படவில்லை.

பெரம்பூர்ப் பகுதியும் பருத்தியால் வளர்ந்ததே. 1876இல் தோன்றிய பக்கிங்காம் ஆலை, கர்நாட்டிக் ஆலையோடு இணைந்து துணி நெய்து, 1996இல் மூடப்பட்டது. ஆயினும் எளிய மகளிர் பலர்க்கு வாய்த்தது பழந்துணியே. 2011-12இல் தமிழக அரசு கொணர்ந்த புதுயுகத் திட்டம், 10 முதல் 19 அகவை வரையுள்ள பெண்களுக்கு ஆண்டிற்கு 18 பொதி நாப்கின்களை விலையின்றி வழங்கிற்று, பொதிக்கு 6. ஆனால், முதற்கண் அது ஊர்ப்புறத்தார்க்கே உரியதாயிற்று. நகரங்களுக்குப் பின்னரே விரிந்தது.

ஆலைத்தெருச் சிறுமியர் அதுகாறும் ஒதுங்கியே நின்றனர். வழங்கலுக்கு வகுக்கப்படும் எல்லையும் ஒருவகை விலக்கே என்க.