முன்பண மானியம்

 கோயிலுக்கும் ஊர் ஊழியம் செய்தவர்களுக்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலத்தை மதுரை நாயக்கர் காலத்தில் மானியம் என்றார்கள். மதிப்புக்குரியது என்னும் பொருள்தரும் 'மான்ய' என்ற வடசொல்லே இதன் வேர். மதிப்பாகத் தந்தது, பிறகு தந்த நிலத்துக்கே பெயரானது. இன்று உர மானியம், சொட்டுநீர் மானியம் என்று உழவர் வாயில் புழங்குகிறது.

சட்டமன்றத்தில் இதன் பொருள் வேறு: ஒரு துறை செலவழிக்கப் பேரவை ஒப்பும் தொகை. மார்ச் 31-உடன் பழைய அனுமதி முடிந்துவிடும். சட்டம் இயற்றாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. தேர்தல் குறுக்கிட்டால்? சத்துணவுக் கூடத்தில் ஏப்ரலிலும் அடுப்பெரிய வேண்டுமே. அதற்காகச் சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டிப் பெறும் ஒப்புதல்தான் முன்பண மானியம். அரசமைப்பின் 206-ஆம் பிரிவு இதற்கு வழி தருகிறது. இந்த ஒப்புதலைக் கேட்டு வைக்கும் அறிக்கையை 'இடைக்கால பட்ஜெட்' என்பார்கள்; அந்தச் சொல் அரசமைப்பில் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 பிப்ரவரி 23-இல் அப்போதைய நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் வைத்தார். ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 13-இல் புதிய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்; மறுநாளே வேளாண்மைக்கு மாநிலத்தின் முதல் தனி பட்ஜெட் வந்தது. எதற்கு முதலிடம் என்பதை மக்கள் தேர்ந்த புதிய பேரவை முடிவு செய்வதே முறை. அமெரிக்காவில் இத்தகைய இடைக்கால ஒப்புதல் கிடைக்காமல் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு அலுவலகங்கள் முடங்கின. ஊழியர் பலர் சம்பளமின்றித் தவித்தார்கள்.