கள்ளுக்கடையும் தனிக்குவளையும்

தோழர்களே, தென்பெண்ணைக் கரையூர்களில் கள்ளுக்கடையின் வரலாறு தனிக்குவளையின் வரலாறும்தான். ஒசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தன. ஒசூரையடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அந்த மாவட்டத்தில்தான். கள்ளுக்கடை மூடியது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் பொது இடத் தீண்டாமைக்கு எதிரான சட்டமும் வந்தது. ஆனால் தனிக்குவளை ஒழியவில்லை. தேநீர்க்கடைக்கு இடம் மாறியது. கடையைப் பூட்டக் காட்டிய வேகத்தைக் குவளையை உடைக்க எந்த அரசும் காட்டவில்லை.

1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. இப்போது அரசே கடைக்காரர். சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் நம் இளைஞரின் பணமும் அங்கே போகிறது. குடிப்பவரை மட்டும் பழித்துவிட்டு நாம் ஓய முடியாது. கடையை மூடச் சொல்லும்போதே நிலையான வேலையையும் கேட்போம்; தனிக்குவளை இப்போது எங்கே இருக்கிறது என்றும் கேட்போம்.