சாட்சி முளைகள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் வழியில், பிங்கா ஓயாவுக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பது எங்கள் அக்குறணை. சமதரை இங்கே அருமை. ஒரு வீடு கட்டுவதென்றாலும் மேட்டை வெட்டித்தான் ஆகவேண்டும்.

சின்ன வயதில், பாதையை அகலமாக்கவென்று சேவையர் எங்கள் வளவோரம் அறைந்துவிட்டுப் போன மரமுளையைப் பிடுங்கி, விக்கெட்டாக நட்டு விளையாடிவிட்டேன். வாப்பா வெலவெலத்துப் போனார். மறுநாள் வந்த சேவையர் ஏசவில்லை. பற்றைக்குள் மறைந்து நின்ற வேறு இரண்டு முளைகளிலிருந்து நாடாவை இழுத்தார். இரண்டு அளவும் சந்தித்த இடத்தில் பார்த்தால், நான் பிடுங்கிய அதே குழி!

"இதுகள் சாட்சி, தம்பி" என்றார்.

மண் வெட்டத் தொடங்கினால் நடுக்கோட்டு முளை மண்ணோடு போய்விடும். அதை மீண்டும் கண்டுபிடிக்கத்தான், வேலை எல்லைக்கு வெளியே இந்தச் சாட்சிகள். சரிவு முளையோ இன்னும் சங்கடமானது. 20 அடி அகலப் பாதைக்கு நடுவில் 6 அடி ஆழம் வெட்டுகிறோம், கரையை ஓரடிக்கு ஓரடி சாய்க்கிறோம் என்று வையுங்கள். சமதரையானால் நடுக்கோட்டிலிருந்து 16 அடியில் முளை விழும். தரை இரண்டடிக்கு ஓரடி வீதம் உயருமானால், மேற்பக்க முளை 32 அடிக்குப் போய்விடும். கூடுதலாகப் போன அந்த 16 அடி யாருடைய தோட்டம்?

கேள்வி பழையது. நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அதன்பின் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் மலைகளைப் பிளந்து பாதை போட்டார். 1820இல் அவ்வேலைக்கு அனுப்பப்பட்ட தோமஸ் ஸ்கின்னர் பதின்ம வயதுப் பையன். பாதைத் தொழிலே அறியாதவர். பின்னர் தியோடலைட்டைத் தாமே கற்று மலைநாட்டை அளந்தவரும் அவரே.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பயிரிடாத நிலமும் காடும், உரிமை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது. பிறகென்ன? 66 அடிச் சங்கிலி போன மலைகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. பரம்பரையாகச் சேனை செய்தவனிடம் காட்டுவதற்கு உறுதி எங்கே இருந்தது? 1848இல் வீதிச் சட்டமும் வந்தது: ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் வீதியில் உழைக்கவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும். அவ்வாண்டு யூலையில் மாத்தளைப் பக்கம் கிளர்ச்சி வெடித்தது. ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் வரலாற்றுப் பாடங்கள் வரிகளைப் பற்றி நிறையவே பேசுகின்றன. முளைகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

எங்கள் வளவில் பிறகு முளைக்குப் பதில் கல் நட்டார்கள். வாப்பா அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்துவந்து, பேர்ச் கணக்கை வரைபடத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையொப்பமிட்டார்.