விமான பேட்டரிச் சோதனை: பாதுகாப்பு விதிகளின் வரலாறு

விமானத்தின் இயந்திரத்தைக் கிளப்பவும், பறக்கும்போது மின்னாக்கிகள் பழுதுபட்டால் முக்கியக் கருவிகளை இயக்கவும் உதவுவது விமான பேட்டரி. குறிப்பிட்ட கால இடைவெளியில் இதைக் கழற்றிப் பணிமனையில் சோதிப்பார்கள். அச்சோதனைக்கான பாதுகாப்பு விதிகளில் பல, விபத்துகளுக்குப் பிறகே எழுதப்பட்டவை.

முதலில் பயன்பட்டவை காரீய-அமில பேட்டரிகள். மின்னேற்றும்போது இவற்றிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினால் சிறு பொறி போதும், தீப்பிடிக்கும். அதனால் காற்றோட்டமான அறையும் கண்ணாடி, கையுறை ஆகியவையும் கட்டாயம். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும். இரு முனைகளுக்கும் இடையே மோதிரம் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும்.

1950களுக்குப் பின் ஜெட் விமானங்களில் நிக்கல்-காட்மியம் பேட்டரி பரவியது. இதில் உள்ளது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அமில ஆவி பட்டாலே கெட்டுவிடும் என்பதால் இரு வகைக்கும் தனி அறை, தனிக் கருவிகள். தண்ணீர் ஊற்றுவதற்கும் நேரம் உண்டு: மின்னேற்றம் முடியும் தறுவாயில்தான் ஊற்ற வேண்டும். மின்னிறங்கிய நிலையில் ஊற்றினால், மின்னேற்றும்போது காரக்கரைசல் பொங்கி வழியும். சூடான பேட்டரியை மேலும் மின்னேற்றினால் வெப்பம் மின்னோட்டத்தையும், மின்னோட்டம் வெப்பத்தையும் மாறி மாறிக் கூட்டும். இந்தக் கட்டுக்கடங்கா வெப்பப் பெருக்கம் பல சம்பவங்களுக்குக் காரணமானதால், 1970களில் அமெரிக்க விதிகள் வெப்ப எச்சரிக்கை போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கின.

தரையில் சோதித்தால் மட்டும் போதாது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலைப்பாதையில் ஏறி 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு வருவதற்குள் உப்பிவிடுவதை நீலகிரிப் பிள்ளைகள் அறிவார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். மூடிய மின்கலத்துக்கும் இதே நிலைதான். லித்தியம் மின்கலங்களை அனுப்புவதற்கான ஐ.நா. சோதனையில், அவற்றைக் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே உள்ள அறையில் குறைந்தது 6 மணி நேரம் வைப்பார்கள்.

லித்தியம்-அயனி பேட்டரியின் ஆபத்து சோதனைக்கூடத்திலேயே வெளிப்பட்டது. 2006 நவம்பரில் அமெரிக்காவின் டூசான் நகரில், போயிங் 787 விமானத்துக்கான மின்னேற்றியை உருவாக்கிய செக்யூராபிளேன் நிறுவனத்தில், சோதனையிலிருந்த பேட்டரி தீப்பற்றிக் கட்டிடமே எரிந்தது. போயிங் தன் சோதனையில் ஒரு மின்கலத்தில் ஆணி செலுத்திப் பார்த்தது. புகைதான் வந்தது, தீ இல்லை, அடுத்த மின்கலத்துக்கும் பரவவில்லை. ஒரு கோடிப் பறப்பு மணி நேரத்தில் ஒரு முறைக்கும் குறைவாகவே புகை வரும் என்று கணக்கிடப்பட்டது.

நடந்தது வேறு. மொத்தம் ஒரு லட்சம் மணி நேரம்கூடப் பறந்திராத நிலையில், 2013 ஜனவரி 7 அன்று பாஸ்டனில் நின்றிருந்த விமானத்தில் பேட்டரி எரிந்தது. 16 அன்று ஜப்பானில் மற்றொரு 787, பேட்டரிக் கோளாறால் தகமாட்சுவில் அவசரமாக இறங்கியது. உலகெங்கும் 787 விமானங்கள் நிறுத்தப்பட்டன; ஏர் இந்தியாவின் ஆறும் அவற்றில் அடங்கும். மின்கலங்களுக்கிடையே தடுப்பு, துருப்பிடிக்கா எஃகுப் பெட்டி, புகையை வெளியேற்றும் குழாய் ஆகியவை பொருத்தப்பட்ட பிறகே மே மாதத்தில் ஏர் இந்தியாவின் சேவை மீண்டது.

ஒரு மின்கலத்தின் உட்குறுக்குச்சுற்று மற்றவற்றுக்கும் பரவியதே பாஸ்டன் தீக்குக் காரணம் என்று அமெரிக்க விசாரணை 2014இல் கூறியது. சோதனை அமைப்பு விமானத்தில் உள்ள உண்மை அமைப்பைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்றது ஜப்பானிய அறிக்கை. சோதனை நடத்தாததல்ல, தவறான நிலையில் நடத்தியதே குறை. 2017இல் திருத்தப்பட்ட டிஓ-311ஏ தரநிலை, வெப்பப் பெருக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, அது பேட்டரிப் பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பார்க்கச் சொல்கிறது.