ஜகன்மோகினியும் பெண் எழுத்தும்

தமிழ் நாவலின் வரலாறு பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நூல்கள் அச்சேற இடமளித்த இதழ்களும் அச்சகங்களும் அவற்றை நடத்தியவர்களும் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றனர். இதனால் மிகுதியும் இழப்புக்கு உள்ளானவர் வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). 115 நாவல்களை எழுதியவர் என்று அவர் நினைவுகூரப்படுகிறாரே ஒழிய, 35 ஆண்டுகள் ஒரு மாத இதழை நடத்தி, எழுத வந்த பிற பெண்களுக்கும் அதில் இடம் கொடுத்தவர் என்பது உரிய அழுத்தத்துடன் சொல்லப்படுவதில்லை.

சென்னைத் திருவல்லிக்கேணியில் வைணவக் குடும்பமொன்றில் பிறந்த அவருக்கு 1907இல், ஐந்தரை வயதில், பார்த்தசாரதியுடன் திருமணம் நடந்தது. வை.மு. என்னும் முன்னெழுத்துகள் 'வைத்தமாநிதி முடும்பை' என்ற குடும்பப் பெயரைக் குறிப்பன. கம்பராமாயணத்துக்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் அக்குடும்பத்தைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் சென்று படிக்காத கோதைநாயகி, புகுந்த வீட்டாரிடமே தமிழும் தெலுங்கும் திவ்வியப் பிரபந்தமும் கற்றார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றதால், உரையாடலின் ஓட்டமும் காட்சி அமைப்பும் செவிவழியாகவும் கண்வழியாகவும் அவருக்குப் பழகின. எனினும் தங்குதடையின்றி எழுதும் பயிற்சி அப்போது அவருக்கு இல்லாமையால், 1924இல் வெளிவந்த 'இந்திர மோகனா' என்ற முதல் நாடகத்தை அவர் வாய்மொழியாகச் சொல்ல, தோழி பட்டம்மாள் ஏட்டில் எழுதினார். எழுத்துப் பயிற்சி ஒரு பெண்ணிடமும் கற்பனை மற்றொரு பெண்ணிடமும் இருக்க, இருவரும் சேர்ந்தே ஒரு நூல் உருவாயிற்று. பெண் எழுத்துக்குப் பெண்ணின் துணை வேண்டும் என்பதைக் கோதைநாயகி தம் முதல் முயற்சியிலேயே கண்டறிந்தார் எனலாம்.

அக்காலத்தில் பெண்களுக்கான இதழ்கள் தமிழுக்குப் புதியன அல்ல. பாரதியார் ஆசிரியராக இருந்த 'சக்கரவர்த்தினி' 1905இலேயே வெளிவந்தது. ஆயினும் பெண்களுக்கு அறிவு புகட்டும் நோக்கில் ஆண்கள் நடத்திய இதழ்களே அந்நாளில் மிகுதி. இச்சூழலில், துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கத்தோடு, நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற இதழை 1925இல் கோதைநாயகி வாங்கித் தாமே ஆசிரியரானார். அவருடைய 'வைதேகி' என்னும் நாவல் அதில் தொடராக வந்தது. தொடர்கதை என்பது ஒரு நாவலைப் பகுதி பகுதியாக இதழ்தோறும் வெளியிடும் முறை. அடுத்த பகுதியை எதிர்நோக்கி வாசகர் சந்தா செலுத்துவதால், கதையே இதழின் முதலீடாகவும் அமைந்துவிடுகிறது. குடும்பப் பெண் ஒருத்தி கதை எழுதுவதையும் அச்சுத் தொழிலில் இறங்குவதையும் சுற்றத்தார் பழித்தபோது, இந்த வாசகர் கூட்டமே அவருக்குப் பக்கபலமாக நின்றது.

கைம்பெண் மறுமணம், குழந்தை மணத்தின் கொடுமை, மதுவின் கேடு ஆகியவை அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு அவரது பொதுவாழ்வும் ஒரு காரணம். 1925இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கதர் உடுத்திய அவர், 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி எதிர்ப்பிலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையில் உடனிருந்த பெண் கைதிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தம் நாவல்களுக்குக் கருவாக்கினார். அந்நாள்களில் கணவர் பார்த்தசாரதி இதழைப் பொறுப்பேற்று நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது காகிதத் தட்டுப்பாடு பல இதழ்களை முடக்கியது; சென்னையை விட்டுக் குடும்பம் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இடம்பெயர நேர்ந்தபோதும் 'ஜகன்மோகினி' அவர் கையைவிட்டு நழுவவில்லை. பிறருடைய கருணையை நம்பாமல் சொந்த அச்சகத்தையும் அவர் அமைத்துக்கொண்டது, இதழின் நீண்ட ஆயுளுக்கு முதன்மையான காரணம்.

பதிப்பாளரின் வாசலில் காத்து நிற்கும் நிலையைத் தாம் கடந்த பிறகு, அந்த வாசலைப் பிற பெண்களுக்கும் அவர் திறந்து வைத்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. வீட்டில் இருந்தபடியே எழுதிப் பழகிய பெண்களின் கதைகளும் கட்டுரைகளும் 'ஜகன்மோகினி'யில் இடம்பெற்றன. அவருடைய அக்கறை எழுத்தோடு நிற்கவில்லை, இசையரசி டி.கே. பட்டம்மாளின் திறமையை இளம் வயதிலேயே அறிந்து ஊக்குவித்தவர்களுள் அவரும் ஒருவர்.

இதே காலத்தில் கன்னட நாட்டிலும் இம்முயற்சி வேர்கொண்டிருந்தது. பதினான்கு வயதில் கைம்பெண்ணான நஞ்சன்கூடு திருமலாம்பா, 1910களில் 'சதி ஹிதைஷிணி' என்ற நூல்வரிசையைத் தொடங்கிப் பெண்களுக்கான நூல்களை வெளியிட்டதோடு, 'கர்நாடக நந்தினி' என்ற இதழையும் நடத்தினார். இறுதிக் காலத்தில் அவர் வாழ்ந்தது சென்னையில். பெங்களூரில் ஆர். கல்யாணம்மா 1920களில் தொடங்கிய 'சரஸ்வதி' என்ற மாதர் இதழ் ஏறத்தாழ 40 ஆண்டுகள் நடந்தது. அந்நகரின் மர்பி டவுனிலும் அதனை அடுத்த அல்சூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர், வீட்டில் ஒரு மொழியும் வீதியில் மற்றொரு மொழியும் வழங்குவோர் என்பதால், இவ்விரு மரபுகளும் அவர்களுக்கு உரியனவே. 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூரில் இருப்பதால், இப்பெண்களின் பணியை ஒருசேர வாசிப்பதற்கு அப்பகுதி மிகவும் ஏற்ற இடமாகும்.

ஆப்பிரிக்காவில் இக்கதை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் நிகழ்ந்தது. நைஜீரியாவின் ஃபுளோரா ந்வாபா 1966இல் 'எஃபுரு' என்ற நாவலை வெளியிட்டபோது, அதன் பதிப்பாளர் இருந்தது இலண்டனில். உள்நாட்டு வாசகருக்கான நூல் உள்நாட்டிலேயே அச்சாக வேண்டும் என உணர்ந்த அவர், 1970களில் 'தானா பிரஸ்' என்ற பதிப்பகத்தை நிறுவிச் சிறுவர் நூல்கள் உட்படப் பலவற்றை வெளியிட்டார். கானாவின் அமா அட்டா ஐடூ, நாவலாசிரியராகவும் ஒரு காலத்தில் கல்வி அமைச்சராகவும் விளங்கியவர். ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர்களுக்குத் துணைநிற்க 2000ஆம் ஆண்டில் 'ம்பாசெம்' என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார். மொழியும் சூழலும் வேறாயினும், எழுதியதைப் பிறர் தயவின்றி வெளியிடும் வழி பெண்ணின் கையில் இருக்க வேண்டும் என்ற தெளிவு திருவல்லிக்கேணிக்கும் நைஜீரியாவுக்கும் பொதுவானதாக இருந்தது.

கோதைநாயகி 1960இல் காசநோயால் மறைந்தார். அவருடைய நாவலைத் தழுவிய 'சித்தி' திரைப்படம் 1966இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது; ஆயினும் இலக்கியத் திறனாய்வு அவரை வெகுசன எழுத்தாளர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்த எழுத்தாளர் அம்பை, பெண்களின் படைப்புகளையும் வாழ்க்கைச் சான்றுகளையும் திரட்டும் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தை 1988இல் மும்பையில் தோழியருடன் நிறுவியது, இம்மறதிக்கு ஒரு தலைமுறை அளித்த தக்க மறுமொழியாகும். எழுத்தாளரின் தரத்தை அவருடைய நாவல்களைக் கொண்டு மதிப்பிடுவது முறையே. ஆனால் அவர் நடத்திய இதழில் எழுதிய பெண்கள் யார், அவர்கள் எதைப் பற்றி எழுதினர், பின்னர் என்ன ஆயினர் என்பவற்றையும் இதழ் இதழாகத் தொகுத்து அட்டவணைப்படுத்தினால்தான், தமிழ் நாவலின் வரலாறு அதற்கு உழைத்த எல்லோருடைய வரலாறாகவும் நிறைவுபெறும்.