நீதிமன்றச் செய்தியும் சொல்லின் பொறுப்பும்: சப்ரகமுவ செய்தியாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

நீதிமன்றங்களின் அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என இலங்கை அரசியலமைப்பின் 106ஆவது உறுப்புரை கூறுகின்றது. எனினும், வழக்கு நடைபெறும் மண்டபத்தில் அமர்ந்திருக்கக் கூடியவர்கள் சிலரே. ஏனைய மக்கள் அங்கு நடந்ததைச் செய்தியாளரின் எழுத்து மூலமே அறிந்துகொள்கின்றனர். சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டப்புறங்களைப் பொறுத்தவரை இப்பொறுப்பு இரட்டிப்பாகின்றது.

இதற்குக் காரணம் மொழியாகும். அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரைக்கு அமைய இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நீதிமன்ற நடவடிக்கைகளும் பதிவேடுகளும் சிங்கள மொழியிலேயே அமைகின்றன. அம்மொழியை அறியாத தரப்பினர் அரசின் ஏற்பாட்டில் மொழிபெயர்ப்பைப் பெறுவதற்கான உரிமையையும் அதே உறுப்புரை வழங்குகின்றது. ஆகவே, இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் தமிழில் கூறும் சாட்சியம் மொழிபெயர்ப்பாளர் ஊடாகச் சிங்களமாகி, செய்தியாளரின் கையில் மீண்டும் தமிழாகின்றது. இவ்வாறு இருமுறை மொழி மாறும் கூற்றில் ஒரு சொல் பிழைத்தாலும், அத்தொழிலாளி சொல்லாத ஒன்றையே அவருடைய தோட்டத்தவர் பத்திரிகையில் வாசிக்க நேரிடும்.

நீதிமன்றங்களின் பெயர்கள்

சிறு குற்ற வழக்குகளும் பாரிய குற்றங்களின் ஆரம்ப நடவடிக்கைகளும் நீதவான் நீதிமன்றத்துக்கு வருகின்றன. காணி, கடன் முதலான குடியியல் வழக்குகளை மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கின்றது. சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் பாரிய குற்ற வழக்குகள் மேல் நீதிமன்றத்தில் நடைபெறுகின்றன. அதற்கு மேலே மேன்முறையீட்டு நீதிமன்றமும், அனைத்துக்கும் மேலாக உயர் நீதிமன்றமும் உள்ளன. இந்தியாவில் "உயர் நீதிமன்றம்" என்பது மாநில அளவிலான நீதிமன்றத்தையும், "உச்ச நீதிமன்றம்" என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தையும் குறிக்கும். தமிழகச் செய்திகளையும் இலங்கைச் செய்திகளையும் ஒருங்கே கையாளுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

சந்தேகநபர் முதல் குற்றவாளி வரை

பொலிஸாரால் கைது செய்யப்பட்டவர் சந்தேகநபர். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்ட பின்னரே அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆகின்றார். சட்டத் தமிழில் அவரை "எதிரி" என்பதும் உண்டு. அது பகைவரைக் குறிப்பதன்று. தீர்ப்பு வழங்கப்பட்ட பின்னரே குற்றவாளி என எழுதலாம். குற்றம் எண்பிக்கப்படும் வரை ஒருவர் சுத்தவாளியாகவே கருதப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை அளித்துள்ள உத்தரவாதமாகும்.

நீதவானிடம் பொலிஸார் சமர்ப்பிக்கும் "பி அறிக்கை" புலன்விசாரணை பற்றிய பொலிஸாரின் கூற்று மாத்திரமே. "திருடியமை தெரியவந்துள்ளது" என்று எழுதுவதற்குப் பதிலாக, "திருடியதாகப் பொலிஸார் மன்றுக்கு அறிவித்தனர்" என்று எழுதுவதே முறையாகும்.

விளக்கமறியல் தண்டனையன்று; அது விசாரணைக் காலத்துக்குரிய தடுத்துவைப்பு. பிணை விடுதலையன்று, அழைக்கப்படும் போது மன்றில் தோன்றுவதற்கான உறுதிமொழி. வழக்கிலிருந்து விடுவிக்கப்படுதல் வேறு, சுத்தவாளி எனத் தீர்த்து விடுதலை செய்யப்படுதல் வேறு. முன்னதில் மீண்டும் வழக்குத் தொடர இடமிருக்கலாம். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றவர் உடனடியாகச் சிறைக்குச் செல்வதில்லை. எனினும் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டவரே.

ருவன்வெல்லை வழக்கு தரும் பாடம்

வழக்கை இறுதிவரை தொடர்ந்து எழுத வேண்டியதன் அவசியத்தை உணர்த்தும் வழக்கொன்று கேகாலை மாவட்டத்திலேயே தோன்றியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்த பின்னர், கோடகன்பிள்ளை என்பவர் ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தமது பெயரைச் சேர்க்கக் கோரினார். அது மறுக்கப்பட்டது. மீளாய்வு அலுவலர் அச்சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்புக்கு முரணானவை எனக் கூறி அவருக்குச் சாதகமாகத் தீர்மானித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் எழுத்தாணை மூலம் அத்தீர்மானத்தை நீக்கியது. 1953இல் பிரிவிக் கவுன்சில் எனப்படும் இலண்டன் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

முதற் தீர்மானத்தை மாத்திரம் வாசித்த தோட்டத் தொழிலாளி, தமது வாக்குரிமை மீண்டுவிட்டதாகவே நம்பியிருப்பார். செய்திகளில் "ரீட் மனு" என எழுதப்படும் எழுத்தாணை மனுவில் நீதிமன்றம் ஆராய்வது, அதிகாரி ஒருவரின் தீர்மானம் சட்டப்படி சரியானதா என்பதையே. இடைக்காலத் தடையுத்தரவும் இறுதி வெற்றியன்று. எந்த மன்று, எந்தக் கட்டம், மேன்முறையீடு உண்டா என்ற மூன்றையும் செய்தி கூற வேண்டும்.

தோட்டத்துக்கும் சமூகத்துக்கும் உரிய மன்றுகள்

வேலைநீக்கம் பற்றிய முறைப்பாடு தொழில் நியாய சபைக்குச் செல்கின்றது. அங்கு தொழிலாளி விண்ணப்பதாரர். அங்கு எவரும் குற்றவாளியாவதில்லை. மத்தியஸ்த சபை இணக்கம் காணும் இடமேயன்றித் தீர்ப்பளிக்கும் இடமன்று.

லயன் அறையை விட்டு வெளியேறாதவர்மீது "குற்றவியல் அத்துமீறல்" வழக்குத் தொடரப்படுவதுண்டு. செல்வநாயகம் எதிர் மன்னர் வழக்கில் 1950இல் கோமறைக் கழகம், உரிமையாளருக்குத் தொந்தரவு ஏற்படும் என்பதை அறிந்திருந்தமை மாத்திரம் போதாது, தொந்தரவு செய்வதே முதன்மையான நோக்கமாக இருத்தல் வேண்டும் எனத் தீர்த்தது. ஆகவே "அத்துமீறிக் குடியிருப்போர்" எனத் தலைப்பிடுமுன் செய்தியாளர் சிந்திக்க வேண்டும்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் காதி நீதிமன்றமும் குற்றவியல் மன்றன்று. தலாக் கணவனால் கோரப்படுவது. பஸஹ் தகுந்த காரணம் காட்டி மனைவியால் கோரப்படுவது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய தாபரிப்பு சட்டம் ஏற்ற உரிமையாகும். அதைச் "சலுகை" என எழுதுவது தவறு. காதியின் தீர்மானத்துக்கு எதிராகக் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். இவ்வழக்குகளில் வெளிப்படும் குடும்ப அந்தரங்கம் செய்திக்கான பொருளன்று.

வெளியிடத் தகாதவை

பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எந்த விபரத்தையோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சீ பிரிவின்படி குற்றமாகும். நகரத்தில் பெயரை மறைத்தால் போதுமானதாக இருக்கலாம். சில லயன்களே உள்ள தோட்டப் பிரிவொன்றில் பிரிவின் பெயர், வயது, தந்தையின் தொழில் ஆகியவற்றை எழுதினால் பெயரையே எழுதியதற்கு ஒப்பாகும். சிறுவர் தொடர்பான வழக்குகளிலும் இதே கவனம் வேண்டும். அடையாள அணிவகுப்புக்கு முன்னர் சந்தேகநபரின் படத்தை வெளியிட்டால் வழக்கே பாதிக்கப்படலாம்.

நீதிமன்ற அவமதிப்புத் தொடர்பாக 2024இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டதாயினும், குடியியல் வழக்கில் நட்டஈடு கோரும் உரிமை நீடிக்கின்றது. பிழையான செய்தியால் பாதிக்கப்பட்டோர் 2003இல் நிறுவப்பட்ட இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை நாடலாம்.

இன அடையாளமும் இறுதிச் செய்தியும்

சந்தேகநபரின் இனத்தையோ சமயத்தையோ குற்றத்தோடு தொடர்பில்லாத நிலையில் குறிப்பிடுதல் கூடாது. கேகாலையின் அயல் மாவட்டமான குருநாகலில் 2019 மே மாதம் நடந்தது இதற்குச் சான்றாகும். சிங்களத் தாய்மார் 4000 பேருக்கு முஸ்லிம் வைத்தியர் ஒருவர் கருத்தடை செய்ததாக நாளேடொன்று முதற்பக்கத்தில் எழுதியது. மறுநாள் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். ஜூலை 25ஆம் திகதி அவருக்குப் பிணை கிடைத்தது. கட்டாய விடுமுறைக் காலத்துக்கான நிலுவைச் சம்பளம் 2022இல் வழங்கப்பட்டது. அந்தத் தலைப்பு ஏற்படுத்திய காயத்தை எந்த நிலுவைக் கொடுப்பனவும் ஆற்றாது.

கைது பற்றிய செய்திக்கு முதற்பக்கமும் விடுதலை பற்றிய செய்திக்கு உட்பக்க மூலையும் ஒதுக்குவது நீதியாகாது. பெயரைக் குறிப்பிட்டுக் கைதை வெளியிட்ட பத்திரிகை, வழக்கின் முடிவையும் அதே முக்கியத்துவத்துடன் வெளியிடக் கடமைப்பட்டுள்ளது. சிங்களத்தில் எழுதப்பட்ட தீர்ப்பை வாசிக்க இயலாத தொழிலாளிக்கு, தாம் விடுதலையானதை ஊராருக்கு எடுத்துக்காட்ட உதவும் சான்று அத்தமிழ்ச் செய்தியாகவே இருக்கக்கூடும்.