விழுந்த பல் வாழ்ந்த வரலாறு

'பல் போனால் சொல் போச்சு' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஆயினும், அடிபட்டு வேரோடு விழுந்த பல்லை அதன் குழியிலேயே மீண்டும் பொருத்தி வாழவைக்க இயலும் என்பதை மருத்துவ உலகம் இன்று நன்கறியும். இவ்வறிவு கைகூட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

கி. பி. 1000-ஆம் ஆண்டையொட்டி, ஸ்பெயின் நாட்டுக் கார்டோபாவில் வாழ்ந்த அல் சஹ்ராவி என்னும் அறுவை மருத்துவர், ஆட்டங்கண்ட பற்களைப் பொற்கம்பியால் அண்டைப் பற்களோடு பிணைக்கும் முறையை எழுதிவைத்தார். பிரான்சு நாட்டில், பதினாறாம் நூற்றாண்டில் அம்புருவாஸ் பாரேயும், 1728-இல் பல் மருத்துவத்துக்கெனத் தனிநூல் வெளியிட்ட பியேர் ஃபொஷாரும், கழன்ற பல்லைத் திரும்ப நடுவதைப் பற்றிக் கூறினர். 1771-இல் பற்களைக் குறித்துப் பெருநூல் வெளியிட்ட இலண்டன் மருத்துவர் ஜான் ஹண்டர், மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டுச் சோதித்தார். நடுமுன் பல்லைக் கொதிக்கவைத்தால் நோய் நீங்கும் என்பதும் அவர் கருத்து.

கொதிக்கவைத்த பல் ஏன் நிலைக்காது? பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. வேரைத் தாடை எலும்போடு இணைப்பது அதுவே. அதிலுள்ள உயிரணுக்கள் மடிந்தால், பல் சிலகாலம் நின்றாலும், உடலே அவ்வேரைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். முன்னோர் பல்லைக் காத்தனர்; சவ்வைக் காக்க அறியவில்லை.

காலத்தின் அருமையை எண்களால் காட்டியவர்கள் டென்மார்க் நாட்டு ஆண்ட்ரியாசனும் அவர் துணைவரும் ஆவர். விபத்தில் விழுந்து மீண்டும் நடப்பட்ட 110 பற்களை ஆராய்ந்து, 1966-இல் முடிவை வெளியிட்டனர். அரைமணி நேரத்துக்குள் நட்ட பற்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வேர் அரிப்பின்றி இருந்தன. இரண்டு மணி நேரத்துக்குப் பின் நட்டவற்றிலோ, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அரிப்புக்கு ஆளாயின.

உடனே நட இயலாதபோது பல்லை எதில் வைப்பது? வெறுந்தண்ணீரில் வைத்தால் சவ்வின் உயிரணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். பாலின் உப்புச்செறிவு அவற்றுக்கு ஏற்றது. ஆதலால் சில மணி நேரம் அவை உயிரோடிருக்கும். நம் தமிழகமும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டது. சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கோபிகிருஷ்ணாவும் அவர்தம் குழுவினரும் இளநீரைச் சோதித்து, அது பாலினும் நன்று எனக் கண்டு 2008-இல் எழுதினர். இளநீரின் புளிப்புத்தன்மை காரணமாகப் பின்வந்த ஆய்வாளர் சிலர் அதை ஏற்கவில்லை. ஆகவே, கைக்கெட்டும் பொருள்களுள் பாலுக்கே இன்றும் முதலிடம்.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் நிறுவினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953-இல் பல் மருத்துவப் பிரிவு தோன்றியது. கல்லூரிகள் பெருகின; ஆனால் விழுந்த பல்லின் அந்த முதல் அரைமணி மருத்துவரிடம் இல்லை, அருகில் நிற்பவரிடமே இருக்கிறது.

நான் வாழும் குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரி – ஓசூர் நெடுஞ்சாலையில் உள்ளது. தொழிற்சாலைகளை நோக்கி இரவுபகலாக வண்டிகள் விரையும் வழி அது. தலைமையாசிரியனாக இருந்த நாளில், திடலில் விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மாலைவரை காத்திருந்த பிள்ளைகளைக் கண்டதுண்டு. அருகிலிருந்த தேநீர்க் கடையில் பால் இருந்தது; அதன் பயன்தான் அவர்களுக்குத் தெரியவில்லை.

மாணவர்களே, செய்யவேண்டியவை சிலவே. வேரைத் தொடாமல், வெளியில் தெரியும் வெண்பகுதியைப் பிடித்துப் பல்லை எடுங்கள். அழுக்கிருந்தால் பாலில் ஒருமுறை அலசுங்கள். தேய்க்கவோ சுரண்டவோ வேண்டா. குழியிலேயே பொருத்தி, கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்யுங்கள். இயலாவிடில், பாலில் இட்டு உடனே பல் மருத்துவரிடம் விரையுங்கள். அவர் அதை அண்டைப் பற்களோடு மெல்லிய கம்பியால் இரு வாரம் பிணைத்து வைப்பார். பால்பல்லை மட்டும் திரும்ப நடலாகாது. அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு அதனால் ஊறு நேரும்.

ஆயிரம் ஆண்டு ஆராய்ச்சியின் பயன் ஒரு குவளைப் பாலில் அடங்கியிருக்கிறது. அதை அறிந்த பிள்ளை ஒருவன் திடலில் இருந்தால் போதும். தோழனின் பல் பிழைக்கும்.